தூத்துக்குடிக்குக் குடிபோகலாமா? நம்ம பக்கமிருந்து போனவங்க சொல்லுங்க

சேவூரான்:

வணக்கமுங்க. அவினாசிக்குப் பக்கம் சேவூர். வயது 34. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஷிப்பிங் டாக்குமெண்ட் பார்க்கிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் நம்ம சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கினார்களே, அதிலிருந்து எங்கள் யூனிட்டில் ஒரு ஷிப்ட் நின்றுவிட்டது. இப்போது எங்களுக்குக் கிளியரிங் பார்க்கிற ஏஜென்சி என்னைத் தூத்துக்குடி ஆபீசுக்குக் கூப்பிடுகிறது. சம்பளம் இங்கே வாங்குவதைவிடக் கூடுதல். பத்து வருசமாகத் தூத்துக்குடி என்று தினமும் இருபது தடவையாவது டைப் செய்கிறேன். ஊரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கன்டெய்னருக்கு சீல் வைத்து அனுப்பினால் என் வேலை முடிந்தது.

வீட்டில் அப்பா, அம்மா, மனைவி, ஒன்றாவது படிக்கும் மகள். மூணு ஏக்கர் தோட்டம், ரெண்டு கறவை மாடு. போர் 1,100 அடி. அதுவும் கோடையில் ஒரு மணி நேரம் ஓடினால் பெரிய விசயம். அத்திக்கடவுத் தண்ணீர் ஊர்க் குட்டைக்கு வர ஆரம்பித்த பிறகு கொஞ்சம் தெம்பாக இருக்கிறோம்.

குடும்பத்தோடு போவதா, நான் மட்டும் ரூம் எடுத்துத் தங்கி வாராவாரம் வந்து போவதா? இதுதான் முதல் கேள்வி. அப்புறம், மச்சான் ஒருத்தர் அங்கே இப்போதே ஒரு சைட் வாங்கிப் போடச் சொல்லி நெருக்குகிறார். வின்ஃபாஸ்ட் கார் கம்பெனி வந்துவிட்டது, புது ஏர்போர்ட் வந்துவிட்டது, இனி விலை எங்கேயோ போய்விடும் என்கிறார். அம்மாவுக்கு வேறு வெசனம். "கடலுக்குப் பக்கத்துல புள்ளைய வச்சுக்கிட்டு எப்படிக் கண்ணு தூங்குவீங்க" என்கிறார். சுனாமியை டிவியில் பார்த்தது இன்னும் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை.

அங்கே இருந்தவர்கள், இருக்கிறவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.


பல்லடம் தறி:

தம்பி, என் மனசில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூணு ஏக்கரும் ரெண்டு மாடும் வைத்திருக்கிறவன் ஊரை விட்டுப் போகக் கூடாது. அப்பாவுக்கு வயசாகிறது. மாட்டுக்கு யார் தட்டு அறுத்துப் போடுவது? தொழிலில் ஏற்ற இறக்கம் இன்று நேற்று வந்ததா? 2011 ஜனவரியில் கோர்ட் உத்தரவு வந்து சாயப்பட்டறை எல்லாம் மூடியபோது திருப்பூரே முடிந்தது என்றார்கள். தாராபுரம் ரோட்டில் வரிசையாக வீடு காலியாகக் கிடந்ததை நானே பார்த்தேன். மூணு நாலு வருசத்தில் திரும்பி எழுந்து நின்றது. இதுவும் கடந்து போகும். நாலு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு.


சங்ககிரி லாரி:

பதினாறு வருசமாகக் கன்டெய்னர் ஓட்டுகிறேன். திருப்பூரில் சாயங்காலம் ஏற்றினால் தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை தாண்டி விடியும்போது துறைமுக வாசலில் நிற்பேன். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். மதுரைக்கு அந்தப் பக்கம் நாலுவழிச் சாலை, வண்டி ஓடுவதே தெரியாது. எட்டயபுரம் தாண்டியதும் வெட்டவெளியாக இருக்கும். ஊர் கிட்டே வந்ததற்கு அடையாளம் வேறொன்றும் வேண்டாம். ரெண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல், மேலே பனை ஓலை போட்டு மூடியிருப்பார்கள். காற்றிலேயே உப்பு நாக்கில் தட்டும். வாராவாரம் வந்து போகிற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். முதல் ரெண்டு மாசம் செய்வீர்கள், மூணாவது மாசம் உடம்பு சொல்லிவிடும்.


கொடுமுடி ஆத்தங்கரை:

தூத்துக்குடியில் ஒன்பது வருசம் இருந்தேன், போன வருசம்தான் திரும்பினேன். நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நாம் கொங்குக்காரர்கள் தண்ணீரை மேலிருந்து கீழே நினைத்துப் பழகியவர்கள். எத்தனை அடி, எத்தனை இஞ்ச் என்றுதான் கேட்போம். இடம் வாங்கப் போனால் தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்போம். ஆழம் போகப் போகத் தண்ணீர் கிடைக்கும் என்ற நம்பிக்கை நமக்கு உண்டு. தூத்துக்குடியில் அந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். கடல் பக்கம் பத்தடி தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். வாயில் வைக்க முடியாது. நல்ல தண்ணீர் எடை குறைந்தது, உப்புத் தண்ணீர் எடை கூடியது. மழை பெய்து இறங்குகிற நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக மிதக்கும். ஆழமாகப் போர் போட்டு இழுத்தால் மேலே இருப்பது தீர்ந்து கீழே இருக்கிற உப்பு ஏறி வரும். ஆசைப்பட்டு இன்னும் நூறு அடி போட்டவர்கள் எல்லாம் உப்பைத்தான் இறைத்தார்கள். உப்பளக்காரர்கள் பலர் கடலிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவருவதுகூட இல்லை. தரைக்கடியில் இருக்கிற தண்ணீரையே மோட்டார் வைத்துப் பாத்தியில் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு உப்பு வாருகிறார்கள். அப்படிப்பட்ட தரை அது.

அதனால் ஊர் குடிப்பது தாமிரபரணியை. வல்லநாட்டிலிருந்து குழாயில் வருகிறது. நான்காவது பைப்லைன் போட்ட பிறகு நிலைமை எவ்வளவோ மேல். ஆனால் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எவ்வளவு நேரம், எத்தனை மணிக்கு என்பது தெருவுக்குத் தெரு மாறும். வீட்டு ஓனரிடம் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டில் கோலம் போடுகிற அம்மாவிடம் கேளுங்கள். "கார்ப்பரேசன் தண்ணி எப்போ வரும்? சம்ப் எவ்வளவு பெரிசு?" இந்த ரெண்டும் தெரிந்தால் அந்த வீட்டில் வாழ முடியுமா என்று தெரிந்துவிடும். போர்த் தண்ணீர் பாத்திரம் கழுவ, குளிக்க. அதில் சோப்பு நுரைக்காது, தலைமுடி கயிறு மாதிரி ஆகும், குழாய் வாயில் வெள்ளையாகப் படியும்.

இது வருசம் முழுக்க இருக்கிற தண்ணீர். ரெண்டாவது தண்ணீர் மழைக் காலத்தில் வருவது.

2023 டிசம்பர் 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை ராத்திரியே வானம் ஒரு மாதிரி இருந்தது. ஞாயிறு விடிந்ததிலிருந்து விடாத மழை. பக்கத்தில் இருக்கிற காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. நம்ம பக்கம் ஒரு வருசம் முழுக்கப் பெய்கிற மழைகூட அவ்வளவு வராது, யோசித்துப் பாருங்கள். நான் அப்போது தாழ்வான ஒரு காலனியில் தரைத்தள வீட்டில் குடியிருந்தேன். திங்கட்கிழமை காலையில் வாசல் படியில் தண்ணீர் நின்றது. மோட்டாரைக் கழற்றி மேலே வைத்தோம், அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினோம். மத்தியானத்துக்கு மேல் மழை குறைந்தது, அப்பாடா என்று டீ போட்டுக் குடித்தோம். அதற்கப்புறம்தான் தண்ணீர் ஏறியது. மழை நின்றபிறகு தண்ணீர் ஏறுகிறதே என்று எனக்குப் புரியவில்லை. மேற்கே குளங்கள் உடைந்து வந்த தண்ணீர் அது. சாயங்காலம் இடுப்பளவு. மாடி வீட்டு அண்ணாச்சி எங்களை மேலே கூப்பிட்டு வைத்துக்கொண்டார். மூன்று குடும்பம், பதினொரு பேர், நாலு ராத்திரி. கரண்ட் இல்லை, போன் இல்லை. அவர்கள் வீட்டுக் கருவாடும் கஞ்சியும்தான் சாப்பாடு. அந்தக் குடும்பத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

தண்ணீர் வடிய எங்கள் தெருவில் பத்து நாளுக்கு மேல் ஆனது. மேடு பள்ளம் இல்லாத தட்டையான ஊர், கடல் மட்டத்தை ஒட்டி இருக்கிறது. ஓட வேண்டிய தண்ணீருக்குச் சரிவே இல்லை. நம்ம ஊரில் மழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் பள்ளத்தில் இறங்கி நொய்யலுக்கோ காவிரிக்கோ போய்விடும். அங்கே அது நின்று யோசிக்கும்.

அதனால் சேவூர்த் தம்பி, சைட் பேச்சை இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றையும் அந்த ஊரில் வாடகை வீட்டில் கழித்த பிறகு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.


பல்லடம் தறி:

ஆத்தங்கரை அண்ணா, நீங்கள் சொல்வதைப் படித்தால் போக வேண்டாம் என்று நான் சொன்னதுதான் சரி என்று ஆகிறதே?


கொடுமுடி ஆத்தங்கரை:

இல்லைங்க. ஒன்பது வருசம் அங்கே நன்றாகத்தான் வாழ்ந்தேன். வெள்ளத்துக்கு அப்புறமும் ஒரு வருசத்துக்கு மேல் இருந்தேன், அதே ஊரில், மேடான தெருவில். அப்பாவுக்கு முடியாமல் போனதால்தான் திரும்பினேன். ஊர் நல்ல ஊர். ஊரைத் தெரிந்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். நம்ம திருப்பூரில் சாயத் தண்ணீர் நொய்யலில் ஓடி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதைப் பார்த்தவர்கள்தானே நாம்? பாசனத்துக்குக் கட்டிய அணையைத் திறக்கவே வேண்டாம் என்று விவசாயிகள் சொன்ன காலம் உண்டு. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தண்ணீர்ப் பிரச்சினை இருக்கிறது. நம்முடையது நமக்குப் பழகிவிட்டது, அதனால் கண்ணில் படுவதில்லை.


கோரம்பள்ளம் தம்பி:

வணக்கம் அண்ணாச்சிகளே. நான் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தவன். சொந்த ஊர் தூத்துக்குடிக்கு மேற்கே, ஆறு வருசமாகத் திருப்பூரில் நிட்டிங் யூனிட்டில் இருக்கேன். இங்கே நடக்கிற பேச்சைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

குளம் உடைந்ததை அண்ணாச்சி சரியாகத்தான் சொன்னார்கள். அதில் ஒன்று சேர்க்கிறேன். கோரம்பள்ளம் குளம் வெறும் மழைக் குளம் இல்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுதான் தாமிரபரணியில் கடைசி அணை. அங்கிருந்து வருகிற வடகால் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடங்களில் எங்கள் குளமும் ஒன்று. அதோடு கயத்தாறு, ஓட்டப்பிடாரம் பக்கம் பெய்கிற மழையும் காட்டாறாக இங்கேதான் வரும். மிஞ்சினது உப்பாற்று ஓடை வழியாகக் கடலுக்குப் போகணும். அன்றைக்கு அது எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. அந்தோணியார்புரம் பாலத்துப் பக்கம் நான்குவழிச் சாலையே அறுத்துக்கிட்டுப் போச்சு. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று எண்ணூறு பேர் மாட்டிக்கொண்டார்களே, அந்த ஊர்க்காரர்கள் வீட்டில் இருந்ததைச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எங்க சித்தி வீட்டிலும் பொங்கினார்கள்.

நான் அப்போது திருப்பூரில் இருந்தேன். ரெண்டு நாள் அம்மாவிடம் போன் போகவில்லை. எங்க செக்கிங் சூப்பர்வைசர் அண்ணன், பொங்கலூர்க்காரர், என்னைத் தன் பைக்கில் மதுரை வரைக்கும் கொண்டுபோய் விட்டார். அதற்கு மேல் லாரி, டிராக்டர், கடைசியில் நடை. அதனால் உங்க ஊர்க்காரர்களுக்கு நான் கடமைப்பட்டவன். சேவூர் அண்ணனுக்கு வீடு பார்க்க ஆள் வேணும்னா எங்க அப்பாவே கூட வருவார்.

சுனாமி பற்றி அம்மாவிடம் சொல்லுங்கள். 2004இல் நாகப்பட்டினம், குளச்சல் பட்ட பாடு எங்க ஊர் படவில்லை. எதிரே இலங்கை பெரிய சுவர் மாதிரி நிற்கிறது. மன்னார் வளைகுடாவில் வரிசையாகத் தீவுகளும் பவளப்பாறையும் இருக்கிறது. அதற்காகக் கடலை லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. எங்க ஆட்களே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முன்னே காலத்தில் கண்டபடி பவளத்தை வெட்டி எடுத்ததில் வான் தீவு பாதிக்கு மேல் கரைந்து போய்விட்டது, இப்போது செயற்கைப் பாறை போட்டுக் காப்பாற்றுகிறார்கள். தீவு போனால் அலை நேரே கரைக்கு வரும் என்று எங்க தாத்தா சொல்வார்.


உடுமலை அக்கா:

நான் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எல்லா அண்ணன்களும் வேலை, இடம், வெள்ளம் என்றே பேசுகிறீர்கள். சேவூர்த் தம்பியின் வீட்டுக்காரம்மா இதைப் படித்தால் அவருக்கு வேண்டியது இதில் எங்கே இருக்கிறது?

வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. கல்யாணமாகிப் போன முதல் வாரம் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா காலையில் எட்டிப் பார்த்து, "சாளை வந்திருக்கு, வாங்குறியாம்மா?" என்றார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நம்ம பக்கம் சாளை என்றால் தோட்டத்தில் இருக்கிற வீடு. யாரோ தோட்டத்து வீட்டை விற்க வந்திருக்கிறார்களா, இந்தக் காலை நேரத்தில் என்னிடம் ஏன் கேட்கிறார் என்று நினைத்து, "அவர் வந்ததும் கேட்டுச் சொல்றேனுங்க" என்றேன். அந்த அக்கா கூடையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே வெள்ளி மாதிரிப் பளபளவென்று மீன். மத்தி இருக்கிறதே, அதுதான் அங்கே சாளை. அந்த அக்கா உட்கார்ந்து எனக்கு அதைக் கழுவச் சொல்லிக் கொடுத்தார். செதிலைக் கல்லில் தேய்த்து எடுப்பது, வயிற்றைக் கட்டை விரலால் கீறுவது, மண்சட்டியில் தேங்காய் அரைத்து ஊற்றுவது எல்லாம் அன்றைக்குப் படித்ததுதான். அதுவரை எனக்கு மீன் என்றால் அமராவதி டேம் மீன் மட்டும்தான் தெரியும். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பதும், அப்போது வல்லம் என்கிற நாட்டுப் படகு வைத்திருக்கிறவர்களிடம்தான் மீன் கிடைக்கும் என்பதும் எல்லாம் அவரிடமிருந்து தெரிந்துகொண்டது.

அரிசியும் பருப்பும் சாதம் முதல் மாசம் எனக்கு ருசிக்கவே இல்லை. அளவெல்லாம் அதே அளவு. தண்ணீர்தான் வேறு. போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது. தாமிரபரணித் தண்ணீரைப் பிடித்து வைத்துச் சமைத்தபோது அம்மா கைச் சோறு மாதிரி வந்தது, அழுகையே வந்துவிட்டது எனக்கு.

இரும்பு எதுவும் நிற்காது, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் சீராகக் கொண்டுபோன தையல் மெஷினில் மூணாவது மாசம் சக்கரத்தில் செம்மண் மாதிரித் துரு. தேங்காய் எண்ணெய் தொட்டு வாரம் ஒரு தடவை துடைக்க ஆரம்பித்த பிறகுதான் நின்றது. இரும்புக் கட்டில், பீரோ எல்லாம் ஊரிலேயே இருக்கட்டும். ஜன்னல் கம்பியைக் கையால் தடவிப் பாருங்கள், பெயின்டுக்கு அடியில் பொருக்குத் தட்டினால் அந்த வீடு வேண்டாம். கான்கிரீட்டுக்கு உள்ளே இருக்கிற கம்பியும் அப்படித்தான். உப்புத் தண்ணீரில் கலவை போட்டுக் கட்டிய வீட்டில் கம்பி உள்ளேயே துருப்பிடித்து ஊதிக் கூரைப் பூச்சைத் தள்ளிவிடும். படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் விரிசல் கம்பி போகிற வழியிலேயே நேர்கோடாக ஓடும். அப்படிக் கோடு தெரிந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வெயில் பற்றிக் கேட்பார்கள். நம்ம ஊரில் ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்தால் போர்வை தேடுவோம். அங்கே அதே மாசம் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று அனலும் புழுதியுமாக இருக்கும். ஆனால் பொழுதோடு கடல் காற்று ஏறினால் மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுக்கலாம். முத்துநகர் கடற்கரைக்கோ ரோச் பூங்காவுக்கோ ஆறு மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் காசில்லாமல் ரெண்டு மணி நேரம். பனிமய மாதா கோவில் திருவிழா ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து ஆகஸ்ட் 5 வரைக்கும். எந்தச் சாமி கும்பிடுகிறவர்களும் போவார்கள். என் மகள் அந்தப் பதினொரு நாளையும் நம்ம மாரியம்மன் நோம்பி மாதிரி நினைத்துக் காத்திருப்பாள். ஊருக்கு வரும்போது என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டால் எல்லாரும் மக்ரூன்தான் கேட்கிறார்கள். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளை மூணுதான். நம்ம வீட்டில் முட்டை தொடாத பெரியவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பேச்சு முதலில் சண்டை மாதிரி இருக்கும். நாம் எல்லாவற்றுக்கும் "ங்க" போடுகிறோம், அவர்கள் "என்னம்மா, ஏன் இப்படி மெலிஞ்சுட்ட" என்று நேராகவே கேட்பார்கள். ஆறு மாசத்தில் அதுதான் பிடித்துப்போகும்.

தம்பி, தனியாகப் போய் ரூமில் இருக்காதீர்கள். மனைவியையும் குழந்தையையும் கூட்டிப் போங்கள்.


பல்லடம் தறி:

அக்கா சொல்வதைப் படித்த பிறகு கொஞ்சம் யோசிக்கிறேன். ஆனால் அந்த சைட் விசயத்தில் மச்சான் சொல்வதில் ஞாயம் இருக்கிறது. திருப்பூர், ஈரோடு, தூத்துக்குடி மூன்றும் மாநகராட்சி ஆனது ஒரே 2008இல்தான். 2011 கணக்கெடுப்பில் திருப்பூரில் 4.44 லட்சம் பேர், தூத்துக்குடியில் 2.37 லட்சம். வளர இடம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் போட்ட கார் கம்பெனி 2025 ஆகஸ்டில் வண்டி வெளியே விடுகிறது. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் தளம் வருகிறது. வாகைக்குளம் ஏர்போர்ட்டில் புது டெர்மினல் 2025 ஜூலையில் திறந்தாயிற்று. அவினாசி ரோட்டில் எங்கள் அப்பா காலத்தில் வாங்காமல் விட்டதை நினைத்து இன்றைக்கும் வயிறு எரிகிறது எனக்கு.


கொடுமுடி ஆத்தங்கரை:

அவினாசி ரோட்டில் விட்டதற்குத் தூத்துக்குடியில் பிடிக்க வேண்டாமுங்க. கார் கம்பெனி இருக்கிறது சில்லாநத்தம் சிப்காட்டில், ஏர்போர்ட் இருக்கிறது வாகைக்குளத்தில். இரண்டுக்கும் நடுவே பிளாட் போட்டுக் கொடி நட்டிருக்கிற பல இடம் ஒரு காலத்தில் ஓடை, குளத்து நீர்ப்பிடி, பழைய உப்பளம். பத்திரத்தில் அது தெரியாது. மழைக் காலத்தில் போய் நின்றால் தெரியும். நான் 2022இல் ஒரு சைட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். 2023 டிசம்பரில் அதில் படகு போனது. கொடுத்த பணம் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. யார் விற்றார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். என் அவசரத்தைத்தான் நான் நொந்துகொள்கிறேன்.


சங்ககிரி லாரி:

அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. மழை நேரத்தில் நாங்கள் வண்டியை நிறுத்துகிற மேடு எது என்று பாருங்கள். டிரைவர் நிறுத்துகிற இடத்தில் தண்ணீர் நிற்காது.


சேவூரான்:

எல்லாருக்கும் நன்றிங்க. மூணு வாரம் கழித்து எழுதுகிறேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஊரைப் பார்த்துவிட்டு வந்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து வாரம் இரண்டு நாள் போகிற ரயிலில் கோயம்புத்தூரில் ஏறினோம். பொள்ளாச்சி, உடுமலை, பழனி, திண்டுக்கல், மதுரை வழியாகப் போகிறது. அப்பா பழனி வரைக்கும் தூங்கவில்லை, மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் படுத்தார்.

கோரம்பள்ளம் தம்பியின் அப்பா ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். ரெண்டு பெரியவர்களும் பத்து நிமிசத்தில் பருத்தி, பனை, மழை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். எங்களை ஐந்து வீடு காட்டினார். முதல் வீடு பார்க்க அருமையாக இருந்தது, புது பெயின்ட், வாடகையும் குறைவு. எனக்குப் பிடித்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "ஏனுங்க, இந்த வீட்ல சுவிட்சு போர்டெல்லாம் ஏன் இவ்வளவு மேல இருக்குது?" என்று கேட்டார். பார்த்தால் பிளக் பாயின்ட் எல்லாம் நெஞ்சளவில். கதவைத் திறந்து அடிப்பக்கம் பார்த்தோம். பலகை ஊறி உப்பி, அதை மறைத்துத் தகடு அடித்திருந்தது. ஓனர் அதற்கப்புறம் வாடகையை இன்னும் குறைத்தார். தெருமுனையில் அயர்ன் வண்டி வைத்திருந்த அண்ணாச்சியிடம் கேட்டேன். தன் தொடையில் கையை வைத்து, "இங்க வரைக்கும், ஒம்பது நாள்" என்றார்.

ஐந்தாவது வீடு மாடி. தெரு மேடு, வாசலில் ஏறுவதற்கு நாலு படி. தாமிரபரணித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், விடியக்காலை. சம்ப் நாங்களே மூடியைத் திறந்து பார்த்தோம். கூரையில் கோடு இல்லை. ஜன்னல் கம்பியை மனைவி வீடியோ காலில் தடவிக் காட்டச் சொன்னாள், உடுமலை அக்கா சொன்னதைப் படித்துவிட்டிருக்கிறாள். ஓனர் வீட்டு வாசலில் போர் பம்ப் இருந்தது. அப்பா ஒரு கை பிடித்து வாயில் ஊற்றினார், உடனே துப்பிவிட்டார். "எத்தனை அடிங்க?" "முப்பது அடி அண்ணாச்சி." அப்பா கொஞ்ச நேரம் அந்தப் பம்பையே பார்த்தார். "முப்பதடியில தண்ணி. ஆயிரத்து நூறு அடி போட்டுக் கடன்ல கெடக்கறோம் நாங்க" என்றார். அந்த வீட்டுக்காரர் ஒரு சொம்பு குடிதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சாயங்காலம் முயல் தீவுப் பக்கம் போனோம். அப்பா கடலை முதல்முறை பார்த்தார், எழுபத்தொரு வயதில். அவர் வேட்டியை மடித்துக்கொண்டு முழங்கால் வரைக்கும் இறங்கி நின்றார். தூரத்தில் கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. "நீ அனுப்பற பனியன் அதுல தான் போகுதா?" என்றார். இங்கிருந்து சின்னக் கப்பலில் கொழும்பு போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாற்றுகிற சரக்குதான் நிறைய என்று சொன்னேன். வ.உ.சி. 1906இல் கப்பல் கம்பெனி ஆரம்பித்துக் கொழும்புக்கு விட்டது இந்தக் கரையிலிருந்துதான் என்று கோரம்பள்ளத்துப் பெரியவர் சேர்த்துச் சொன்னார். அப்பா வ.உ.சி.யைத் தெரியுமென்றார். கோயம்புத்தூர் ஜெயிலில் அவரைச் செக்கு இழுக்க வைத்ததை அப்பாறு, அதாவது அவருடைய தாத்தா, சொல்லக் கேட்டிருக்கிறாராம்.

முடிவு இதுதான். ஐந்தாவது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன், வாடகைக்கு. சைட் இப்போதைக்கு இல்லை என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன், அவருக்குக் கொஞ்சம் வருத்தம். நான் தை பிறந்ததும் போய்ச் சேருகிறேன். மகளுக்குப் பரீட்சை முடிந்து, மே மாசம் மனைவியும் அவளும் வருவார்கள். மாட்டில் ஒன்றை அத்தை வீட்டுக்குக் கொடுக்கிறோம், ஒன்று அப்பா பார்த்துக்கொள்வார். பட்டிப் பொங்கலுக்கு எப்படியும் ஊரில் இருப்பேன், அதை ஏஜென்சியிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

அம்மா மட்டும் இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. அப்பா கடலைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் "நானும் ஒருக்கா வந்து பாக்கறேன்" என்றார்.


உடுமலை அக்கா:

மே மாசம் சாமான் ஏற்றும்போது பீரோவை ஏற்றாதீர்கள் தம்பி. அம்மிக்கல்லும் ரெண்டு பித்தளைக் குடமும் மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள். முதல் நாள் தாமிரபரணித் தண்ணீர் வருகிற காலையாகப் பார்த்துப் பால் காய்ச்சுங்கள். வீட்டுக்காரம்மாவிடம் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள், சாளை கழுவச் சொல்லித் தருகிறேன்.


கோரம்பள்ளம் தம்பி:

அண்ணே, அப்பா போன் பண்ணினார்கள். சேவூர்ப் பெரியவர் கம்பு ஒரு மூட்டை அனுப்பியிருக்கிறாராம், பார்சல் ஆபீசில் வந்து கிடக்கிறதாம். எங்க வீட்டிலிருந்து கருப்பட்டி ஒரு சிப்பம் வருது, பல்லடம் அண்ணாச்சிக்கும் அதில் பங்கு இருக்கு. சங்ககிரி அண்ணன் வண்டி வியாழக்கிழமை திரும்புதுன்னா அதிலேயே ஏற்றிவிடச் சொல்கிறேன்.


சங்ககிரி லாரி:

வியாழன் ராத்திரி கிளம்புகிறேன். துறைமுக வாசல் டீக்கடையில் கொடுத்துவைக்கச் சொல்லுங்க.